கதவின் குடுமிக்குழியில் நான்கு காசு

வாசகர் கேள்வி – பதில்

யூதச் சமூகங்கள் தங்களிடையே நொடித்துப்போன குடும்பங்களைத் தாங்கி நிற்கும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். 'செதாக்கா' என்ற சொல்லையும், அதற்கு மைமோனிடிஸ் என்ற அறிஞர் எட்டுப் படிகள் வகுத்தார் என்ற செய்தியையும், வட்டியில்லாக் கடன் என்ற வழக்கத்தையும் மட்டுமே அதில் சொல்ல இடம் இருந்தது. அதைப் படித்த வாசகர்கள் எழுதிய கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: 'செதாக்கா' என்ற சொல்லைத் 'தருமம்' என்று எழுதாமல் அப்படியே விட்டது ஏன்? இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல என்பதால்தான் விட்டேன். நாம் இன்று புழங்கும் பொருளில் தருமம் என்றால் கொடுப்பவரின் மனம் முன்னால் நிற்கிறது. அவர் கொடுத்தால் புகழ்வோம்; கொடுக்காவிட்டால் வருந்துவோமே தவிர, அவர் தவறிழைத்தார் என்று சொல்ல மாட்டோம். செதாக்கா என்பதோ, எபிரேய மொழியில் நீதியைக் குறிக்கும் 'செதெக்' என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. இல்லாதவருக்குக் கொடுப்பது, வாங்கிய கடனைத் திருப்புவது போலச் செய்தே தீர வேண்டிய காரியம் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த எண்ணம் வேளாண்மைச் சட்டத்தில்தான் முதலில் தெளிவாக உருக்கொண்டது. வயலின் ஓரத்தை அறுக்காமல் விட்டுவிட வேண்டும், அறுக்கும்போது கையிலிருந்து சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கக் கூடாது என்று யூத வேதத்தின் லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. வயலில் மறந்து விட்டுவந்த கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது என்கிறது அதே வேதத்தின் உபாகமம் 24ஆம் அதிகாரம். அவை ஏழைக்கும், அந்நியனுக்கும், தகப்பன் இல்லாத பிள்ளைக்கும், விதவைக்கும் உரியவை. ஓரமாக விடும் பங்கு அறுபதில் ஒன்றுக்குக் குறையக் கூடாது என்று, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அளவும் வைத்தது. இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொரு விதியை. அந்தக் கதிரை இன்ன ஏழைக்குத்தான் தருவேன் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நிலத்துக்காரருக்குக் கிடையாது. வந்து எடுப்பவர் அவரிடம் கேட்க வேண்டியதுமில்லை, நன்றி சொல்ல வேண்டியதுமில்லை. தமக்குரியதைத்தான் அவர் எடுத்துச் செல்கிறார்.

வேதம் சொல்லும் கதையில், மோவாப் நாட்டிலிருந்து விதவையாக வந்த ரூத், மாமியார் நகோமிக்காகப் பெத்லகேமின் வயலில் கதிர் பொறுக்கியது இந்தச் சட்டத்தின் நிழலில்தான். நிலத்துக்குரிய போவாஸ் தன் வேலையாட்களிடம் சொல்வதைக் கவனியுங்கள்: கட்டிய கதிர்களிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றை உருவிக் கீழே விட்டுவிடுங்கள், அவள் பொறுக்கட்டும், அதட்டாதீர்கள் என்கிறான். அவனால் அவள் கையில் தூக்கிக் கொடுத்திருக்க முடியும். ஆனால் அவள் தன் உழைப்பில் சேர்த்ததாகவே வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று அவன் விரும்பியிருக்கிறான். அன்று மாலை ரூத் கதிரைத் தட்டியபோது 'எப்பா' என்ற பழைய முகத்தலளவையில் ஏறக்குறைய ஓர் எப்பா வாற்கோதுமை தேறியது.

கேள்வி: பணத்தை யார் திரட்டினார்கள், யார் பங்கிட்டார்கள்? பொதுப் பணம் என்றால் கை வைப்பவர்களும் இருந்திருப்பார்களே?

பதில்: அந்த அச்சம் அவர்களுக்கும் இருந்தது என்பதை அவர்கள் வகுத்த விதிகளே காட்டுகின்றன.

பழைய நூல்கள் இரண்டு ஏற்பாடுகளைச் சொல்கின்றன. 'கூப்பா' என்பது பணப்பெட்டி. வாரம் முழுவதும் திரட்டி, வெள்ளிக்கிழமைதோறும் அந்தந்த ஊர் ஏழைக் குடும்பங்களுக்கு அடுத்த வெள்ளிவரை தாங்கும்படி பங்கிடுவது. 'தம்ஹூய்' என்பது உணவுத் தட்டு; நாள்தோறும் சமைத்த உணவைத் திரட்டி, ஊர்க்காரர், வழிப்போக்கர் என்று பாராமல் பசித்தவருக்கு அன்றன்றே கொடுப்பது. இரண்டு வேளைக்கு உணவு வைத்திருப்பவர் தம்ஹூயில் எடுக்கக் கூடாது, 14 வேளைக்கு வைத்திருப்பவர் கூப்பாவில் எடுக்கக் கூடாது என்பது மிஷ்னாவின் எல்லைக் கோடு.

கூப்பாவுக்குப் பணம் திரட்ட இருவர் சேர்ந்தே செல்ல வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்து பங்கிட மூவர் வேண்டும். பண வழக்கைத் தீர்க்கும் நீதிமன்றத்தில் எத்தனை பேரோ அத்தனை பேர். திரட்டச் சென்ற இருவரும் சந்தையில் ஒருவரைவிட்டு ஒருவர் பிரியக் கூடாது. வழியில் கீழே கிடந்த காசைக் கண்டெடுத்தால் அதைத் தம் சட்டைப்பைக்குள் போடாமல் பெட்டிக்குள்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவர் வேறு விதமாக நினைப்பார்கள். சில்லறைக் காசு சேர்ந்து அதை மாற்ற நேர்ந்தால், தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து மாற்றிக்கொள்ளாமல் பிறரிடம்தான் மாற்ற வேண்டும். இத்தனை கட்டுகளையும் போட்ட பிறகு, நம்பிக்கையுடன் வேலை செய்யும் திரட்டுநர்களிடம் கணக்குக் கேட்டுக் குடைவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஐயத்துக்கு இடம் இல்லாதபடி அமைத்துவிட்டு ஐயப்படாமல் இருப்பது என்ற இந்த வரிசை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

கொடுப்பது விருப்பத்தைப் பொறுத்ததும் அன்று. ஊரில் குறிப்பிட்ட காலம் குடியிருந்தவர் கூப்பாவுக்குத் தந்தாக வேண்டும். வசதியிருந்தும் மறுப்பவரிடமிருந்து நீதிமன்றம் பிணைப்பொருளை எடுக்கலாம். வருவாயில் பத்தில் ஒன்று நடுத்தரமான கொடை, ஐந்தில் ஒன்று மிக நல்ல கொடை. அதற்கு மேல் கொடுத்துத் தாமே பிறரிடம் கையேந்தும் நிலைக்குப் போய்விடக் கூடாது என்று உஷா என்ற ஊரில் கூடிய அறிஞர்கள் மேல் வரம்பும் வைத்தார்கள்.

இவை ஏட்டளவில் நின்றுவிட்ட விதிகளா என்று நீங்கள் கேட்கலாம். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், கூப்பா இல்லாத ஒரு யூத ஊரைத் தாம் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்று எழுதுகிறார். அவர் வாழ்ந்த ஃபுஸ்தாத் நகரம், அதாவது பழைய கெய்ரோ, அந்தச் சொல்லுக்குச் சான்றும் வைத்திருக்கிறது. இறைவனின் பெயர் எழுதப்பட்ட தாளை எறியக் கூடாது என்பதால், அங்குள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் ஓர் அறையில் நூற்றாண்டுக் கணக்கில் பழந்தாள்கள் குவிந்து கிடந்தன. சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் 1896–97இல் அவற்றில் ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் சென்றார். அவற்றுக்குள் ரொட்டிப் பங்கீட்டுப் பட்டியல்களும், துணி வழங்கிய கணக்குகளும், நன்கொடை வாக்களித்தவர்களின் பெயர் வரிசைகளும் இருக்கின்றன. செவ்வாயும் வெள்ளியுமாக வாரம் இருமுறை அங்கே ரொட்டி வழங்கப்பட்டிருக்கிறது. விதவை, பார்வையற்றவர், அயல்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் என்ற குறிப்புகளுக்கு எதிரே இத்தனை ரொட்டி என்று எண்கள் நிற்கின்றன.

கேள்வி: என் சிறு வயதில் தந்தை இறந்த பிறகு எங்கள் குடும்பத்துக்குச் சிலர் உதவினார்கள். அது இல்லையென்றால் நாங்கள் படித்திருக்க முடியாது. ஆனால், பலர் முன்னிலையில் அதை வாங்கிக்கொண்ட அம்மாவின் முகம் நாற்பது ஆண்டுகளாகியும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. பெறுபவர் கூசாமல் கொடுப்பதற்கு அவர்கள் ஏதேனும் வழி கண்டிருக்கிறார்களா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். யூத மரபின் உதவிச் சட்டங்களில் பாதிக்கு மேல் உங்கள் அம்மாவின் அந்த முகத்தை நினைத்து எழுதப்பட்டவை என்றே சொல்லத் தோன்றுகிறது.

எருசலேம் ஆலயத்தில் 'இரகசிய அறை' என்று ஓர் அறை இருந்ததாக மிஷ்னா சொல்கிறது. இறையச்சம் உடையவர்கள் அதற்குள் யாரும் அறியாமல் பணம் வைத்துவிட்டுப் போவார்கள். நன்றாக வாழ்ந்து கெட்ட குடும்பத்தினர் அதே அறையிலிருந்து யாரும் அறியாமல் தங்களுக்கு வேண்டியதைப் பெறுவார்கள். வைத்தவர் எடுத்தவரை அறியார்; எடுத்தவர் வைத்தவரை அறியார்.

மிஷ்னாவையும் அதன்மீது நடந்த விவாதங்களையும் கொண்ட பெருநூலான தல்மூதில் மார் உக்பா என்ற அறிஞரின் கதை ஒன்று உண்டு. அவருடைய அண்டையில் வாழ்ந்த ஓர் ஏழையின் கதவுக் குடுமிக்குழியில், அதாவது கதவு சுழலும் குழியில், நாள்தோறும் நான்கு வெள்ளிக்காசுகளைப் போட்டுவிட்டு அவர் சந்தடியில்லாமல் போய்விடுவார். இந்த நன்மையைச் செய்வது யார் என்று பார்த்துவிட வேண்டும் என்று அந்த ஏழை ஒரு நாள் காத்திருந்தார். அன்று மார் உக்பா கல்விக்கூடத்திலிருந்து புறப்பட நேரமாகிவிட்டதால் அவருடைய மனைவியும் உடன் வந்திருந்தார். கதவு அசைவதைக் கண்டு ஏழை வெளியே வர, கணவனும் மனைவியும் ஓடிப்போய், அப்போதுதான் தணல் வாரப்பட்டிருந்த ஓர் அடுப்பறைக்குள் ஒளிந்துகொண்டார்கள். சூடு தாளாமல் கணவரின் கால் வெந்தது. உங்கள் காலை என் கால்மேல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மனைவி. தனக்கில்லாத காப்பு அவளுக்கு எப்படி வாய்த்தது என்று அவர் மனம் வாடியபோது, நான் எப்போதும் வீட்டில் இருக்கிறேன், என்னிடம் வருபவருக்கு நான் கொடுப்பது உடனே உண்ணக்கூடியது என்று மனைவி விளக்கம் சொன்னார். காசைக் கொண்டு இனிமேல்தான் உணவு வாங்க வேண்டும். மனைவி கொடுத்ததோ பசியை அங்கேயே தீர்த்தது. சரி, இத்தனை பாடுபட்டு ஏன் ஒளிய வேண்டும்? பிறர் முகத்தைப் பலரறிய வெளிறச் செய்வதைவிட எரியும் உலைக்குள் விழுவது மேல் என்ற பழமொழியைத் தல்மூத் அதற்குப் பதிலாகத் தருகிறது.

கொடுக்கும் வேளையில் மட்டுமல்லாமல், ஏழையும் செல்வரும் அருகருகே நிற்கும் எந்த வேளையிலும் வேறுபாடு தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். துக்க வீட்டுக்கு அண்டை அயலார் உணவு கொண்டுபோவது அவர்கள் வழக்கம். செல்வர் வீட்டுக்கு வெள்ளியிலும் பொன்னிலும் செய்த கூடைகளில் உணவு போனது. ஏழை வீட்டுக்கோ உரித்த அலரிக் கொம்புகளால் பின்னிய கூடையில் போனது. ஏழைகள் நாணினார்கள். அதனால், இனி எல்லா வீட்டுக்கும் கொம்புக் கூடையிலேயே கொண்டுபோக வேண்டும் என்று விதித்தார்கள். துக்க வீட்டில் குடிக்கத் தருவதிலும் அப்படியே: செல்வருக்குத் தெளிந்த கண்ணாடி, ஏழைக்கு நிறக் கண்ணாடி என்றிருந்ததை மாற்றி, அனைவருக்கும் நிறக் கண்ணாடி என்றாக்கினார்கள். பிணம் போர்த்தும் துணியின் செலவு, சாவைவிடக் கொடிய சுமையாகிப்போய், உடலைப் போட்டுவிட்டு உறவினர் ஓடிப்போகும் நிலை வந்தபோது, ரப்பான் கமாலியேல் என்ற தலைவர் தம்மை எளிய நாருடையில் அடக்கம் செய்யும்படி சொல்லிவைத்தார். அவருக்கே அதுதான் என்றான பிறகு மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். இந்த மாற்றங்கள் அனைத்தும் ஒரே திசையில் செல்வதைப் பாருங்கள். ஏழைக்கு வெள்ளிக்கூடை வாங்கித் தர முயலவில்லை. செல்வரின் கையிலிருந்த வெள்ளிக்கூடையைக் கீழே வைக்கச் சொன்னார்கள்.

எருசலேமின் இளம்பெண்கள் ஆண்டில் இரண்டு நாள் வெள்ளை ஆடை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களில் ஆடுவார்கள் என்று மிஷ்னா கூறுகிறது. அந்த ஆடை ஒவ்வொருத்திக்கும் இரவல் ஆடையாகத்தான் இருக்க வேண்டும். அரசன் மகளும் இன்னொருத்தியிடம் இரவல் வாங்கித்தான் உடுத்த வேண்டும். இல்லாதவள் நாணக் கூடாது என்பதே காரணம் என்று அந்நூல் வெளிப்படையாகவே சொல்கிறது.

மைமோனிடிஸின் எட்டுப் படிகளையும் இந்த ஒளியில்தான் படிக்க வேண்டும். கீழ்ப்படியில் இருப்பவர் மனமில்லாமல் கொடுப்பவர். அடுத்தவர் குறைவாகவே கொடுத்தாலும் முகமலர்ந்து கொடுப்பவர். பிறகு கேட்டபின் கொடுப்பவர். பிறகு கேட்பதற்கு முன்பே கொடுப்பவர். அதற்கு மேலே உள்ள மூன்று படிகளும் யார் யாரை அறிகிறார்கள் என்பதைப் பற்றியவை. பெறுபவருக்குக் கொடுப்பவரைத் தெரியும், கொடுப்பவருக்குப் பெறுபவரைத் தெரியாது என்பது ஒரு படி; துணியில் காசை முடிந்து முதுகுப்புறம் தொங்கவிட்டுக்கொண்டு நடந்த பழைய அறிஞர்களை அவர் இதற்குச் சான்று காட்டுகிறார். கொடுப்பவர் மட்டும் அறிவது அதைவிட மேல். இருவருமே அறியாதது அதற்கும் மேல். உச்சிப்படியில் நிற்பது இவை எதுவுமன்று. விழவிருக்கும் ஒருவருக்குக் கடன் கொடுத்தோ, தம் தொழிலில் பங்காளியாக்கியோ, வேலை தேடித் தந்தோ, அவர் யாரிடமும் கேட்கும் நிலையே வராமல் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் அது.

கெய்ரோத் தாள்களில் கிடைத்த மனுக்களை ஆராய்ந்தவர்கள் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் காண்கிறார்கள். தம் வறுமையை வெளியே காட்டாமல் வாழ்ந்தவரை 'மஸ்தூர்', அதாவது 'மூடப்பட்டவர்' என்று அரபியில் குறித்தார்கள். அவர் உதவி கேட்டு எழுத நேர்ந்தால், அதை 'முகத்தைத் திறப்பது' என்றார்கள். இதுவரை நான் யாரிடமும் முகத்தைத் திறந்ததில்லை என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் இடையே நான் எந்த வேறுபாட்டையும் காணவில்லை.

இன்றைக்கும் நியூயார்க் போன்ற நகரங்களின் யூதக் குடியிருப்புகளில் வியாழக்கிழமை இரவுகளில் தொண்டர்கள், ஓய்வுநாளுக்கு வேண்டிய கோழி, மீன், ரொட்டி, காய்கறி முதலியவை அடங்கிய பெட்டிகளை வீட்டு வாசல்களில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் திரும்பிவிடுகிறார்கள். மார் உக்பாவின் ஓட்டம் இன்னும் நிற்கவில்லை.

கேள்வி: பொய் சொல்லி உதவி பெறுபவர்களை என்ன செய்தார்கள்?

பதில்: உடைக்கு உதவி கேட்டால் விசாரிக்கலாம், உணவுக்குக் கேட்டால் விசாரிக்கக் கூடாது என்பதே பெரும்பான்மையாக ஏற்கப்பட்ட முடிவு, பசி விசாரணை முடியும்வரை காத்திராது.

ஹனீனா என்ற ரபி, அதாவது யூத சமய ஆசான், ஓர் ஏழைக்கு வெள்ளிதோறும் நான்கு காசு அனுப்பி வந்தார். ஒரு நாள் எடுத்துச்சென்ற மனைவி திரும்பிவந்து, அவருக்குத் தேவையில்லை, எந்த மேசை விரிப்பில் உண்ணப் போகிறீர்கள், வெள்ளை நாரிலா, வண்ணப்பட்டிலா என்று அவர் வீட்டில் பேசிக்கொண்டார்கள் என்றார். ரபி சினம் கொள்ளவில்லை. ஏமாற்றுபவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால், கேட்ட ஒவ்வொருவருக்கும் கொடுக்காத பழி நாள்தோறும் நம் தலையில் விழுந்திருக்கும் என்று எலாசார் என்ற அறிஞர் சொன்னதை அவர் நினைவுகூர்ந்தார். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஏமாற்றுபவர் சிலர் இருப்பதால் நம் தயக்கத்துக்கு ஒரு மன்னிப்பு கிடைக்கிறது, அந்த மன்னிப்பை ஒரு கொள்கையாக்கிக் கதவைச் சாத்திவிடுவதற்கு அவர் இடம் தரவில்லை.

கேள்வி: வட்டியில்லாக் கடன் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். திரும்பி வராது என்று தெரிந்தும் யார் கடன் கொடுப்பார்கள்? நடைமுறையில் அது எப்படி நின்றது?

பதில்: கடன் சட்டங்களில் முதலில் என்னை நிறுத்தியது வாசற்படியைப் பற்றிய ஒரு விதி. கடன் கொடுத்தவர் அடகுப் பொருளை வாங்க வாங்கியவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும், வாங்கியவர்தான் அதை எடுத்து வந்து தர வேண்டும் என்கிறது உபாகமம். அடகு வைத்தது ஏழையின் போர்வை என்றால் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தர வேண்டும். மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கவே கூடாது. அது ஒருவரின் பிழைப்பையே அடகு வாங்குவதாகும். வாங்கியவரிடம் இப்போது பணம் இல்லை என்று தெரிந்தால், அவர் கண்ணில் படும்படி எதிரே நடந்து போவதையும் தல்மூத் தடுக்கிறது.

நீங்கள் கேட்ட சிக்கலும் வந்தது. ஏழாம் ஆண்டு தோறும் கடன்கள் தள்ளுபடியாக வேண்டும் என்ற சட்டத்தால், அந்த ஆண்டு நெருங்க நெருங்கச் செல்வர்கள் ஏழைகளுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஏழைக்காக எழுதப்பட்ட சட்டமே ஏழையின் வாசலை அடைத்தது. அப்போது ஹிலேல் என்ற பெரியவர் 'புரோஸ்புல்' என்ற பத்திரத்தை ஏற்படுத்தினார். கடன் சீட்டுகளை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டால் அவை தள்ளுபடியாகாது. ஆகவே கொடுப்பவரின் அச்சம் நீங்கும், வாங்குபவருக்கும் கடன் கிடைக்கும். நூலில் எழுதியிருப்பதைவிட ஏழை வீட்டு அடுப்பு எரிகிறதா என்பதை அவர் முதலில் பார்த்தார்.

பிற்காலத்தில் இந்தக் கடன் ஏற்பாட்டுக்குக் 'கெமாஹ்' என்ற பெயர் நிலைத்தது. 'அன்புச் செயல்கள்' என்று பொருள்படும் 'கெமிலுத் ஹசாதிம்' என்ற தொடரின் சுருக்கம் அது. செதாக்கா பணத்தால் மட்டும் செய்வது, ஏழைக்கு மட்டும் செய்வது, உயிரோடிருப்பவருக்கு மட்டும் செய்வது. கெமிலுத் ஹசாதிமோ உடலாலும் செய்யலாம், செல்வருக்கும் செய்யலாம், இறந்தவருக்கும் செய்யலாம், ஆகவே அதுவே பெரிது என்கிறது தல்மூத்.

நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் 1892இல் தொடங்கப்பட்ட எபிரேய வட்டியில்லாக் கடன் சங்கம், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்திறங்கிய குடும்பங்கள் தள்ளுவண்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் முதல் போட உதவியது. அடகாகப் பொருள் கேட்கவில்லை. நாணயமான ஒருவர் பிணை நின்றால் போதும் என்றது. மதம் பாராமல் கொடுத்தது. இன்றும் நடக்கிறது.

இஸ்ரேலிலும் பிற நாட்டு யூதக் குடியிருப்புகளிலும் இன்று கெமாஹ் என்றால் பணக் கடன் மட்டுமன்று. மணப்பெண்ணின் ஆடை, விருந்துக்கான நாற்காலிகள், நள்ளிரவில் கடை சாத்திய பிறகு குழந்தைக்கு வேண்டிய மருந்து, கைக்குழந்தையின் தொட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு, ஓர் அலமாரி, அதைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மையார் இருக்கிறார்கள். எருசலேமில் 1976இல் தொடங்கிய யாத் சாரா என்ற அமைப்பு, சில நீராவிக் கருவிகளை அக்கம்பக்கத்தாருக்கு இரவல் கொடுத்ததில் ஆரம்பித்து, இன்று சக்கர நாற்காலி, ஊன்றுகோல், உயிர்வளிக் கருவி ஆகியவற்றை நாடெங்கும் கிளைகள் வைத்து இரவல் தருகிறது. யூதர், முஸ்லிம், கிறிஸ்தவர் யாரும் வாங்கலாம். செல்வரும் அங்கேதான் சக்கர நாற்காலி வாங்க வருகிறார் என்பதால், அந்த வரிசையில் நிற்கும் ஏழையை யாரும் ஏழை என்று கண்டுகொள்வதில்லை. எருசலேம் பெண்களின் இரவல் ஆடை எதற்காக ஏற்பட்டதோ, அதே காரியத்தை இந்த இரவல் நாற்காலியும் செய்கிறது.

கேள்வி: எல்லாமே நன்றாக இருந்தது போல எழுதுகிறீர்கள். தவறியதே இல்லையா?

பதில்: தவறியிருக்கிறார்கள், அதை மறைத்தால் நான் சொன்ன மற்றவையும் மதிப்பிழக்கும். 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமின் போர்ச்சுகீசிய யூதச் சமூகம் மிகத் தாராளமானது; ஏழைப் பெண்களுக்கும் அநாதைப் பெண்களுக்கும் திருமணச் சீர் கொடுப்பதற்கென்றே 1615இல் ஒரு சங்கம் அமைத்து, ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் பெண்களைத் தேர்ந்தெடுத்தது. அதே சமூகம், ஏழைகள் மிகுந்தபோது, வழிச்செலவைக் கையில் கொடுத்து அவர்களில் பலரை வேறு நாடுகளுக்கு அனுப்பியும் வைத்தது. லண்டனில் 1859இல் தோன்றிய யூதக் காப்பாளர் வாரியம் எண்ணற்ற குடும்பங்களைக் காத்தது. ஆயினும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அகதிகள் பெருகிய காலத்தில் ஆயிரக்கணக்கானோரைத் திரும்பிப் போகும்படி கப்பல் ஏற்றியது. வந்தவர்களின் வறுமையால் ஏற்கெனவே வேரூன்றியவர்களின் நற்பெயர் கெடுமோ என்ற அச்சம் அதில் பெரும்பங்கு வகித்தது.

லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் புரூன் தெருவில் 1902இல் கட்டிய கஞ்சிச்சாலையின் முகப்பு இன்றும் நிற்கிறது. 'யூத ஏழைகளுக்கான கஞ்சிச்சாலை' என்று அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் செதுக்கியிருக்கிறார்கள். எத்தனையோ வயிறுகளை நிரப்பிய இடம் அது. அதை நடத்தியவர்களை வணங்கத்தான் வேண்டும். ஆனாலும் பாத்திரத்தோடு அந்த எழுத்துகளுக்குக் கீழே நுழைந்த தாய்மார்களை நினைக்கும்போது, இரகசிய அறையை அமைத்தவர்கள் அந்த எழுத்துகளைச் செதுக்கச் சம்மதித்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

கேள்வி: இந்த உதவிகள் தம் மக்களுக்கு மட்டும்தானா?

பதில்: முறை வரிசை உண்டு. குடும்பத்தார் முதலில், பிறகு தன் ஊர் ஏழைகள், அதன்பின் பிற ஊர் ஏழைகள். ஆனால் வரிசை வைப்பது வேறு, விலக்கி வைப்பது வேறு. வயலில் கதிர் பொறுக்க வரும் வேற்றினத்தாரைத் தடுக்கக் கூடாது, இஸ்ரவேலின் ஏழைகளோடு வேற்றின ஏழைகளையும் தாங்க வேண்டும், 'சமாதானத்தின் வழிகளுக்காக' என்கின்றன பழைய நூல்கள். தொலைவில் இருப்பவரின் துயரமும் அவர்களை அசைத்தது. 1168இல் சிலுவைப் போர்ப் படை எகிப்தின் பில்பைஸ் நகரைப் பிடித்து மக்களைச் சிறையெடுத்தபோது, மீட்புப் பணம் திரட்டச் சொல்லி மைமோனிடிஸ் ஊர்களுக்கு மடல் அனுப்பினார். 1914 ஆகஸ்டில், பாலஸ்தீனத்து யூதக் குடும்பங்கள் பட்டினியின் விளிம்பில் இருப்பதாகவும் 50,000 டாலர் வேண்டும் என்றும் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அமெரிக்கத் தூதர் ஹென்றி மார்கெந்தாவ் நியூயார்க்குக்குத் தந்தி கொடுத்தார். பணம் விரைவில் திரண்டது. 'ஜாயின்ட்' என்று இன்று உலகெங்கும் அறியப்படும் யூதக் கூட்டு உதவிக் குழு அந்தத் தந்தியிலிருந்து வளர்ந்ததுதான்.

கேள்வி: உதவி பெற்றே வாழும் குடும்பம், சமூகத்தில் என்றைக்கும் பெறும் இடத்திலேயே தங்கிவிடாதா? அவர்களுக்குக் கொடுக்கும் மகிழ்ச்சியே இல்லையா?

பதில்: இந்தக் கேள்வியை எழுதிய கல்லூரி மாணவருக்கு என் பாராட்டு. செதாக்காவை நம்பி வாழும் ஏழையும் செதாக்கா கொடுக்க வேண்டும் என்பது தல்மூதின் விதி. முதலில் படித்தபோது இது கடுமையாகத் தோன்றியது: வாங்கிய கையிலிருந்து ஏன் மறுபடியும் வாங்க வேண்டும்? சட்டத்தின் சிறு எழுத்துகளைப் படித்த பிறகுதான் அதன் மென்மை விளங்கியது. ஓர் ஏழை கூப்பாவில் ஒரு சிறு செப்புக்காசு போட்டாலோ, தம்ஹூயில் ஒரு துண்டு ரொட்டி வைத்தாலோ, அது அற்பம் என்று மறுக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டும். அவர் போடாவிட்டால் போடு என்று வற்புறுத்தவும் கூடாது. ஊரார் அவருக்குப் புத்தாடை கொடுத்திருக்கிறார்கள், அவர் தம் கந்தலைத் துவைத்து, மடித்து, வேறு யாருக்காவது ஆகும் என்று எடுத்து வருகிறார் என்றால், அதையும் பெட்டிக்காரர்கள் இரு கையாலும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும்.